ஒற்றைப்படைக் கட்டில்கள்

ஆய்வகத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நடந்த கூட்டத்தில், வார்டு துடைக்கும் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று பேராசிரியர் சொன்னதும் அவன் கையிலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தான். அவள் அவனுடைய கூடப்பிறந்த அக்கா. ஆய்வகத்தில் சேர்ந்து நான்கு வருடமாகியும் அதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லையே என்று தனக்குத்தானே ஒரு சாக்கு வைத்திருந்தான்.

எஃகுக் கம்பிகளின் மேல் லேசரால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளைக் கீறி, கிருமி தங்காமல் செய்வது அவன் ஆராய்ச்சி. அந்த ஆஸ்பத்திரி வார்டில் ஒற்றைப்படை எண்ணிட்ட கட்டில்களுக்கெல்லாம் அந்தக் கம்பிகளைப் பக்கத் தடுப்பாகப் பொருத்தியிருந்தார்கள். மற்றவற்றில் பழைய கம்பிகள். மூன்றே மாதத்தில் புதுக் கம்பிகளில் கிருமி பத்தில் ஒரு பங்காகிவிட்டது. எல்லாரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பேராசிரியர் மட்டும், இவ்வளவு குறைய வழியில்லையே என்று முகவாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

அக்கா வந்து கதவோரம் நின்றாள். எல்லாக் கட்டிலையும் ஒரே மாதிரிதான் துடைத்தாளா என்று பேராசிரியர் கேட்டார். இல்லை, ஒற்றைப்படைக் கட்டில்களை மட்டும் தினமும் இன்னொரு தடவை மருந்து போட்டுத் துடைத்ததாக மறைக்காமல் சொன்னாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அத மட்டும் ஏம்மா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் சட்டென்று காகிதத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். என் அக்கா சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

"புதுசா இருந்துச்சு சார்," என்றாள் அக்கா. "அழுக்காயிடக் கூடாதேன்னுதான்."

கிருமி குறைந்தது கம்பியாலா மருந்தாலா என்று இனிச் சொல்ல முடியாது, மூன்று மாத உழைப்பும் வீண், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார் பேராசிரியர். அந்த வார்டுக்கு வேறு ஆளைக் கேட்போமா என்று அவனிடம் கேட்டார்.

"கேட்டுடலாம் சார்," என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சுருக்கென்றது. அக்கா தலையசைத்துவிட்டுப் போனாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவள் நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனோடு கூடவே ஆய்வகத்து ஆட்கள் இரண்டு பேர். அவள் வாளியைச் சுவரோரம் இழுத்து வழிவிட்டாள்.

"தரை ஈரமா இருக்கு. பாத்துப் போங்க சார்."

மூன்று பேருக்கும் பொதுவாகத்தான் சொன்னாள். மற்ற இருவரும் ஓரமாக நடந்து போய்விட்டார்கள். அவன் நட்டநடு ஈரத்தில் நின்றான். பின்னால் அவன் ஷூவின் தடங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. அக்கா துடைப்பானைப் பிழிந்து, அவன் கால் நகர்வதற்காகக் குனிந்தபடியே காத்திருந்தாள்.