தையல்காரி வைத்த பத்தியம்

தையல்காரியின் ஐந்து வயது மகளுக்கு வீட்டில் எலிக்குட்டி என்று பெயர். கொறிக்கத்தான் அனுமதி, வயிறாரத் தின்ன அனுமதி இல்லை. புரதத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலத்தை உடைக்கும் நொதி அவளுக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. உடையாமல் தங்குவது ரத்தத்தில் ஏறி மூளையைக் கெடுத்துவிடும். அதனால் பால், முட்டை, இறைச்சி எதுவும் கிடையாது. அந்த ஓர் அமிலத்தை மட்டும் நீக்கிச் செய்த மருந்துமாவைக் கரைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டும்.

தையல்காரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். காத்துக் காத்து அலுத்தும் போனாள், அதையும் சொல்லிவிட வேண்டும். போன ரத்தப் பரிசோதனையில் அந்த அமிலத்தின் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. இன்னொரு தடவை கூடினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

அடுத்த பரிசோதனை நெருங்கியதும் கிழங்கைக் குறைத்தாள், பழத்தைக் குறைத்தாள். மருந்துமாவும் புரதம்தானே என்று அதையும் பாதியாக்கினாள். பிள்ளை விளையாடப் போகாமல் சுவரில் சாய்ந்தே கிடந்தது. தையல் மிஷினை மிதித்தபடி அதைப் பார்த்தவள், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அளவு முன்னைவிட ஏறிவிட்டது.

பஸ் ஓட்டும் புருஷன்மேல் பாய்ந்தாள். பிஸ்கட் கிஸ்கட் வாங்கிக் கொடுத்தாயா என்று கேட்டாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன், பாவம், அன்று பிள்ளைமேல் சத்தியம் பண்ணினான்.

டாக்டரம்மா பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமே கொடுக்கவில்லை என்று தையல்காரி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"அதாம்மா தப்பு. வயித்துக்குப் போதலைன்னா உடம்பு தன் சதையையே கரைச்சுக்கும். அந்தச் சதையிலயும் அதே அமிலம்தான் இருக்கு."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. இத்தனை நாள் ஊரையே சந்தேகப்பட்டவளுக்கு இப்போது திட்ட ஆள் இல்லை.

வார்டில் சேர்த்தார்கள். நர்ஸ் கிண்ணம் நிறைய மசித்த கிழங்கு கொண்டுவந்து, அளந்ததுதான், முழுக்கக் கொடுக்கலாம் என்றாள். தையல்காரி கரண்டியை நீட்டினாள். பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டது.

"சாப்பிடுடா கண்ணு. சாப்பிடலாம்."

"எனக்குப் பசிக்கலம்மா," என்றது, கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. "நான் நல்ல பிள்ளைதான?"