மூட்டை மேடையேறின கதை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. கால் வலிக்கிறவங்க நீட்டிக்குங்க. தூக்கம் வந்தா தூங்குங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். இன்றைக்குச் சொல்லப் போகிறதே தூக்கத்தைப் பற்றிய கதைதான். நடுவில் கொஞ்சம் ஆட்டமும் உண்டு.

ஒரு பெண். கூட்டாளிகள் அவளுக்கு வைத்த பெயர் கொட்டாவி. அவள் வாயைத் திறந்தால் பேச்சு வருமா, கொட்டாவி வருமா என்று பந்தயமே கட்டலாம். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து இஸ்திரி போடுகிற இடத்தில் வேலை. அப்பா வேறு ஊரில், ஃபோனில் மட்டும் வந்து போவார். கொட்டாவி பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவாள். அதே வாசலில் அம்மா செருப்பை மாட்டுவாள். நடுவில் கைக்குழந்தை கை மாறும். அம்மாவும் பெண்ணும் முகம் பார்த்துக்கொள்வது அவ்வளவுதான். ராத்திரி அம்மா திரும்பும்போது இவள் தூங்கியிருப்பாள், காலையில் இவள் கிளம்பும்போது அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள்.

அந்தக் கைக்குழந்தைக்குப் பெயர் மூட்டை. தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் ஏன் என்று.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பொது ஹால். அங்கே பிள்ளைகளுக்குக் காசில்லாமல் நடனம் சொல்லிக்கொடுத்தார்கள். சுற்றிலும் அடுக்கடுக்காகக் குடியிருப்புகள். மாடிக்கு ஒரு பேச்சு, மாடிக்கு ஒரு சமையல் வாசனை. டான்ஸ் டீச்சர் வேறொரு பேட்டையில் வகுப்பை முடித்துவிட்டு பஸ் மாறி வருவாள். முழங்காலில் பட்டை போட்டிருப்பாள். வந்ததும் ஃபேனுக்கு நேர்கீழே நின்று கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணைத் திறந்த பிறகுதான் அவள் டீச்சர். அதுவரை யாரும் கிட்டே போகக் கூடாது.

“அவங்கவங்க வீட்டு ஆட்டத்துல ஒரு அடி கொண்டு வாங்க. எல்லாத்தையும் கோத்து இந்த ஹால்ல நடக்கப் போற விழாவுக்கு ஒண்ணு பண்ணலாம்” என்றாள் டீச்சர்.

நெட்டை என்ற பெண் கைக்குட்டை பிடித்துச் சுற்றுகிற ஆட்டத்தைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி தரை அதிர மிதிக்கிற ஆட்டம். இன்னொருத்தி கோலடித்தாள், அதில் ஒரு கோல் போய் டியூப்லைட்டைப் பதம் பார்த்தது.

“நீ என்னம்மா கொண்டு வந்தே?” என்று கொட்டாவியைக் கேட்டாள் டீச்சர்.

“எங்க வீட்ல யாரும் ஆடமாட்டாங்க டீச்சர்.”

“பின்ன என்ன பண்ணுவாங்க?”

“தூங்குவாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். “குடுத்து வெச்சவங்க” என்றாள் டீச்சர். அவள் அதைச் சிரிக்காமல்தான் சொன்னாள்.

கொட்டாவி கொண்டுவந்தது மூட்டையைத்தான். வீட்டில் விட்டுவர ஆளில்லை. கீழே உட்காரவைத்தால் மூட்டை வீறிடும். அதனால் ஆடிக்கொண்டே ஒருத்தி மாற்றி ஒருத்தி வாங்கிக்கொண்டார்கள். நெட்டை பக்கவாட்டில் அசைந்து அமர்த்துவாள். மிதிக்கிற பெண் முழங்காலை மடக்கி மடக்கிக் குலுக்குவாள். கோல்காரி முதுகில் தட்டுவாள், அதிலும் ஒரு தாளம் இருக்கும். கொட்டாவியோ அரைத்தூக்கத்தில், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றிக்கொண்டே நிற்பாள்.

டீச்சர் ஒருநாள் ஃபேனுக்குக் கீழே கண்ணை மூட மறந்து இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “கைக்குட்டை, கோல் எல்லாத்தையும் ஓரமா வைங்கடி” என்றாள். “விழாவுக்கு இதுதான் ஆட்டம்.”

மறுநாள் வாசலில் கொட்டாவி குழந்தையை வாங்காமல் நின்றாள். “அம்மா, விழாவுக்கு நீ வரணும்.”

“பாக்கலாம்டி, பிடி இவளை.”

“பாக்கலாம்னா வரமாட்டேன்னு அர்த்தம். ஸ்கூல்ல பரிசு வாங்கினப்பவும் பாக்கலாம்னே. நீ என்னைப் பாத்ததே இல்லம்மா. ஒரே ஒரு தடவ பாரு.”

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். “வரேன். கண்டிப்பா வரேன்.”

வந்தாள். அதற்காக ஷிஃப்டை மாற்றி, முந்தின ராத்திரி முழுக்க வேலை பார்த்தாள். பகலில் மூட்டை அவளைத் தூங்க விடவில்லை. சாயங்காலம் சோப்பு வாசனை போகாத கையோடு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் நாலைந்து வரிசை தள்ளி உட்கார்ந்தாள்.

மேடையில் கைக்குழந்தை கூடாது என்று ஹால் மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டீச்சர் ஒரு தலையணையைத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தாள். மூட்டையைத் தூக்கிப் பழகின கைகளுக்குத் தலையணை என்ன எடை? வாங்கின கை மேலே பறந்தது. அசைய வேண்டிய இடத்தில் நேரம் மிச்சம், திரும்ப வேண்டிய இடத்தில் அவசரம். பாட்டு ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நெட்டையிடமிருந்து தலையணை நழுவியே விட்டது. கூட்டத்தில் சிரிப்பு.

கொட்டாவி சிரிப்பைக் கவனிக்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். அம்மாவின் தலை சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது.

பழகின பாட்டு காதில் விழுந்ததும் மூட்டை மேடையைப் பார்த்துக் கையை நீட்டி அலறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, பாவம் அந்தத் தாய் தூங்கட்டும் என்று குழந்தையைத் தூக்கி அமர்த்திப் பார்த்தாள். அடங்கவில்லை. முன்வரிசைக்காரரிடம் கொடுத்தாள். அவர் “ஏ அப்பா!” என்று இரண்டு குலுக்குக் குலுக்கி அவருக்கு முன்னால் இருந்தவரிடம் தள்ளினார். இப்படியே கை மாறிக் கை மாறி, வரிசைக்கு ஒரு தாலாட்டாக, மூட்டை மேடை ஓரத்துக்கே வந்துவிட்டது. மேனேஜர் எழுந்தார். கடைசியில் குழந்தை அவர் கைக்குத்தான் வந்தது. கனம் தாங்காமல் அவர் நெட்டையிடம் நீட்டிவிட்டார்.

அதற்கப்புறம் ஆட்டம் ஆட்டமாயிற்று. எடை வந்ததும் கைகளுக்கு நிதானம் வந்தது. டீச்சர் திரைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, வலிக்கிற காலை லேசாக மடக்கிக்கொண்டு பார்த்தாள். கடைசியாகக் குழந்தையை வாங்கி எடை மாற்றி நின்றவள் கொட்டாவி. ஹால் மூச்சுவிடாமல் பார்த்தது, ஒருத்தியைத் தவிர. மடி காலியானதும் அம்மா நன்றாகவே தூங்கிப்போயிருந்தாள்.

கைதட்டலில்தான் விழித்தாள். மடியைத் தடவினாள். “ஐயோ, புள்ள எங்க?” என்று எழுந்தவள், மேடையில் பெரியவள் இடுப்பில் சின்னவளைக் கண்டாள். பெரியவளின் கண்ணையும் கண்டாள்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

“நல்லா ஆடினே” என்றாள் அம்மா.

“என்னத்த பாத்தே? சொல்லு.”

அம்மா பஸ் வருகிறதா என்று பார்த்தாள். “நீ மேடைக்கு வந்ததப் பாத்தேன். தலையணையப் பாத்தேன். அதுக்கு மேல பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லடி.”

கொட்டாவிக்கு அழுகை வந்தது, கூடவே கொட்டாவியும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் முகம் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

“இப்ப ஆடிக் காட்டு” என்றாள் அம்மா.

“இங்கயா? கால் வலிக்குதும்மா.”

“கொஞ்சமா.”

அவள் மூட்டையை இடுப்பில் ஏற்றி, இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக எடை மாற்றி அசைந்தாள். அரைச்சுற்றுத் திரும்பி நீட்டினாள். அம்மா கை தானாக வந்து வாங்கியது. வாங்கின வேகத்தில் அவளும் எடை மாற்றி மாற்றி நின்றாள், இஸ்திரி மேசை முன்னால் பாதம் எரிய நிற்கிறவர்கள் நிற்பதுபோல.

“அம்மா, அதேதான்! நான் ஆடினது அதேதான்!”

“இதா? இதத்தான் தினமும் வாசல்ல பண்றோமே.”

“பின்ன எதுக்கு என்னைத் திரும்ப ஆட வெச்சே?”

“முழிச்சிக்கிட்டுப் பாக்கத்தான்.”

பஸ் வந்தது. உட்கார்ந்ததும் பெரியவள் ஒரு தோளில் சாய்ந்து தூங்கினாள், சின்னவள் மறு தோளில். அம்மாவுக்குக் கண் சொருகியது. எல்லாரும் தூங்கிவிட்டால் இறங்குகிற இடம் போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டு, திறந்த வாயோடு தூங்குகிற பெரியவளின் முகத்தையே வழி நெடுகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் கனம் தூக்கி ஓய்ந்த கைக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொரு கை இருக்கட்டும். எல்லாரும் களைத்துச் சாய்கிற வேளையிலும், இறங்கவேண்டிய இடத்தில் எழுப்பிவிட ஒருத்தர் விழித்திருக்கட்டும். நிம்மதியாகத் தூங்கி, நல்லபடியாக எழுந்திருங்கள்.