பாட்டு நின்ற வீடு

1

இந்தக் கதை ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில், பழைய வீட்டுச் சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில் தொடங்கியது. மரியரட்ணம் அண்ணை அங்கே ஒரு பெட்டி நிறையப் பழைய இசைத்தட்டுகள் வாங்கினார். பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்று வெளியிட்ட ஆரம்பகால புளூஸ், ரிதம் அண்ட் புளூஸ்; கறுப்பின மக்களின் துயரப் பாட்டுகள். ஸ்காபரோவில் அவருடைய அப்பார்ட்மென்டில் நான் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'போர் முடிந்த அந்த மே மாதத்தில் ரொறன்ரோவின் தமிழ் வீடுகள் எல்லாம்—'

அடித்துவிட்டேன். எல்லா வீடுகளும் எனக்குத் தெரியாது. [கதை எழுதப் பழக்கும் மாலை வகுப்பில் ஆசிரியை சொன்னது: தெரிந்த கதவிலிருந்து தொடங்கு.]

2

தெரிந்த கதவு இதுதான். அண்ணையின் தம்பி பேனாட், வன்னியில் போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலில் இருந்தான். ஏப்ரலுக்குப் பிறகு அவனிடமிருந்து செய்தி இல்லை. வேலையால் வந்ததும் அண்ணை ஒரு தட்டைப் போடுவார். அதில் ஒருவர் கிற்றாரோடு முனகுவார். மூன்று நிமிடத்தில் பக்கம் முடிந்துவிடும். தட்டைத் திருப்பும் இடைவெளியில் அவருடைய மனைவி அன்ரனெற் அன்ரி தொலைபேசியைப் பார்ப்பார்.

"ஊரே செத்தவீடாக் கிடக்கு. உங்களுக்குப் பாட்டுக் கேக்குது, என்ன?"

"நிப்பாட்டினா, அவன் செத்துப்போனான் எண்டு நானே சொன்ன மாதிரியெல்லோ."

"அப்ப ஒரு மாதா பாட்டாவது போடுங்கோவன். உந்த மனிசன் அழுறாரோ கொட்டாவி விடுறாரோ தெரியேல்லை."

"அழுறார்தான். ஆனா தாளத்தை விடேல்லை, கேட்டனீரே?"

3

வெள்ளிக்கிழமை தட்டைச் சுழற்றும் பெல்ட் அறுந்தது. இங்கே அண்ணை மனமுடைந்து உட்கார்ந்ததாக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. அவர் றப்பர் பான்ட் தேடினார். அன்ரியும் சேர்ந்து தேடினார். அதை எழுதாமல் விட்டால் அன்ரியைப் பற்றி நான் பொய் சொன்னதாகும்.

ஒன்றும் பொருந்தவில்லை. ஞாயிறு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு யோகராணி சட்டியோடு நின்றார்.

"ரெண்டு நாளாப் பாட்டுச் சத்தம் இல்லை. விளங்கீட்டுது அன்ரி. நீங்கள் அடுப்பு மூட்டாதேங்கோ. சோறும் பருப்பும் கொண்டந்தனான்."*

[* இழவு நடந்த வீட்டில் எங்கள் ஆட்கள் சமைப்பதில்லை, அயலார்தான் கொடுப்பார்கள். இந்தக் குறிப்பை முன்னாலேயே வைத்திருக்கவேண்டுமோ? இரண்டு முறை இடம் மாற்றிவிட்டேன்.]

அன்ரியின் குசினியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

4

முடிவு ஒன்று: "பெல்ட் அறுந்துபோச்சடி" என்று அன்ரி சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

முடிவு இரண்டு: சட்டியை வாங்கிக்கொள்கிறார். அதை எழுதினால் பேனாட்டைக் கொன்றவன் நான்தான்.

முடிவு மூன்று: அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்—

இல்லை. அடிக்கவில்லை.

"ஆரப்பா அது?" என்று உள்ளேயிருந்து அண்ணை கேட்கிறார்.  அன்ரியின் கை பாதி உயர்ந்து நிற்கிறது. வாங்கவா, மறுக்கவா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி நீங்கள் எழுதுங்கள். ஆனால் சுணங்கவேண்டாம். சட்டி கொதிக்கக் கொதிக்க இறக்கியது. யோகராணி கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்.