இத்தாலிக்காரியின் கோட்டு

உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது என்பார்கள். என் அக்கா செர்மாவிடம் அவள் பெற்ற மகளே விலை போகவில்லை.

அந்த மகள் அனுஜின், மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் உடை வடிவமைக்கிறவள். கடைத்தெருக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சின்னக் கடை, இரண்டு தையல் மிஷின். நம்முடைய நீள அங்கியையும் நகரத்துக் கோட்டையும் சேர்த்து அவள் வெட்டுகிற வெட்டை, அவளைத் தெரியாதவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். பெற்றவள் மட்டும் அந்த மாடிப்படியை மிதித்ததில்லை. அக்கா தனியார் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. கோட்டிலிருந்து காலுறை வரை எல்லாவற்றையும் சதுக்கத்துப் பக்கம் இருக்கும் கண்ணாடிக் கடையில், கழுத்துப் பட்டியைப் புரட்டி வெளிநாட்டுப் பெயர் பார்த்துத்தான் வாங்குவாள். நம் ஆட்டின் மயிரை மூட்டை கட்டி எல்லை தாண்டி அனுப்புகிறோம். அது பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தால் இவள் எழுந்து நின்று வரவேற்பாள்.

இந்த வெள்ளை மாதப் புத்தாண்டுக்காக அனுஜின் அம்மாவுக்கு ஒரு கோட்டுத் தைத்தாள். கருநீலக் கம்பளி, கொம்புப் பொத்தான். கைமுனையை மடித்துவிட்டால் உள்ளே இருக்கும் சிவப்புப் பட்டு தெரியும், இறக்கிவிட்டால் விரல்களை மூடும். தாத்தா வீட்டுக்கு இதைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். அங்கேதான் மொத்தச் சொந்தமும் கூடும். பெற்றவளே தொடாத துணியை ஊரார் எப்படி நம்பித் தொடுவார்கள்? இதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

அக்கா அந்தக் கோட்டைச் செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான்டி இருக்கு. ஆனா டோல்கோர் முன்னாடி உள்ளூர்ச் சரக்கப் போட்டுட்டு நின்னா, இவளுக்கு என்ன கேடு வந்துச்சுன்னு நெனைப்பா."

டோல்கோர் அவளுடைய ஓரகத்தி, அந்த வீட்டின் மூத்த மருமகள். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் போட்டி. ஓரகத்தி என்ன நினைப்பாள் என்று கணக்குப் போடுகிறவளுக்கு மகள் என்ன நினைப்பாள் என்று யோசிக்க நேரம் ஏது?

அனுஜின் கோட்டை மடித்துப் பையில் வைத்தாள். பையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

புத்தாண்டுக் காலையில் அக்கா தொப்பியும் அலங்காரமுமாக வந்து நின்றாள். மேலே போட்டிருந்தது இத்தாலியின் மிலானிலிருந்து இறங்கியதாம். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒட்டக நிறத்தில் ஒரே விரிப்பு. சட்டைக்கை என்று ஒன்று கிடையாது. இடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு பிளவு, அதன் வழியாக உள்ளங்கை மட்டும் எட்டிப் பார்க்கும். கைப்பை பிடிக்கலாம், வேறு எதற்கும் ஆகாது. பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அத்தனை படித்தவளுக்கு விளங்கவில்லை. நன்றாகப் படட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தான் சுரங்க வேலைக்குத் தெற்கே போயிருந்ததால் துணைக்கு நானும் கிளம்பினேன், அந்தப் பையோடு.

அவளுடைய மாமனார் லுவ்சன், கண் மங்கிய கிழவர், நடுக்கூடத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார். வயது வரிசைப்படி ஒவ்வொருவராகப் போய், அவருடைய முழங்கைகளைக் கீழிருந்து தாங்கி, கன்னத்தைக் கொடுத்து நலம் கேட்டார்கள். டோல்கோர் முடித்துவிட்டு நகர்ந்தாள். அக்காவின் முறை வந்தது. கையைத் தூக்கினாள். விரிப்பும் சேர்ந்து மோவாய் வரை எழும்பியதே தவிர, கை இடுப்பைத் தாண்டவில்லை. கிழவரின் கைகள் காற்றைத் துழாவித் துழாவிக் கடைசியில் மடியில் விழுந்தன.

"யாரும்மா அது, கைய வீட்டுலயே வெச்சுட்டு வந்தது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டோல்கோர்தான் என்று நான் சத்தியம் செய்வேன். அதைக் கழற்றிவிட்டு வணங்கலாமென்றால் உள்ளே மெல்லிய உள்சட்டை. வருடத்தின் முதல் வணக்கத்தை உள்சட்டையோடா செய்வது? நான் அக்காவைப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போய்ப் பையைப் பிரித்தேன். மூக்கறுபட்டவள் மூச்சு விடாமல் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அவள் நடையே மாறியிருந்தது. வழக்கப்படி கைமுனையை இறக்கிவிட்டு மாமனாரின் முழங்கைகளைத் தாங்கினாள். கிழவர் அவள் கன்னத்தை முகர்ந்து, கம்பளியைத் தடவிப் பார்த்து, இப்போதுதான் மருமகள் வந்திருக்கிறாள் என்றார். என் ஜென்மத்தில் அக்காவை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை.

பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பொத்தானைத் திருகினாள், ஒருத்தி கைமுனைகளை மடித்துவிட்டு உள்ளே இருந்த பட்டைத் தடவினாள். எங்கே வாங்கினாய் என்று முதலில் கேட்டவள் டோல்கோர். முன்னதாகவே வந்து அடுப்படியில் உதவிக்கொண்டிருந்த அனுஜின், பூஸ் என்கிற இறைச்சிக் கொழுக்கட்டைத் தட்டோடு வந்தவள், அங்கேயே நின்றுவிட்டாள். 'என் மகள் தைத்தது.' அவ்வளவுதான் அக்கா சொல்ல வேண்டியது.

"இதுவும் மிலான்தான்," என்றாள் அக்கா.

எல்லாத் தலைகளும் ஆடின. நம்மூர்க் கைமுனை மிலானில் எப்படி முளைத்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நம் உப்புத் தேநீரைக்கூட இத்தாலிக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னால் நம்புகிற கூட்டம். நான் வாயைத் திறந்தேன். அனுஜின் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அதற்குள் டோல்கோர் அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அனு, நீயும் என்னமோ தைக்கிறியாமே. இதப் பாத்து எனக்கு ஒண்ணு அடிச்சுக் குடேன். உள்ளூர் வேலதானே, முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல."

அனுஜின் தட்டை மேசையில் வைத்தாள்.

"முடியாது பெரியம்மா. அந்த இத்தாலிக்காரி இத ஒருத்திக்குன்னு அளவு பாத்துத் தைச்சா. அவ அம்மாவுக்கு."

"அம்மாவுக்குத் தைச்சத ஏன்டி கடைக்கு வித்தா?"

"அந்தம்மாவுக்கு வெளிநாட்டுத் துணிதான் பிடிக்குமாம்."

டோல்கோர் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு ஒரு பூஸை எடுத்துக் கடித்தாள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மடித்திருந்த கைமுனைகளை இறக்கி விரல்களை மறைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்போதும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.