ஈரம் படாத கம்பளி

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மீனவனின் கம்பளிக் கையுறை கிடந்தது. ஒரு கைக்கு இரண்டு கட்டைவிரல். துடுப்பு வலித்து உள்ளங்கைப் பக்கம் தேய்ந்துபோனால் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்வதற்கு. ஸ்டிர்மிர் கையுறையைப் பார்க்கவில்லை. பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த ஈரப்பத மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வாரமும் வந்த. அப்பவும் இந்த மீட்டரத்தான் பாத்த," என்றாள் அங்கே துணிகளைப் பராமரிக்கும் தோருன். "ஏதோ ஆபீஸ்லேர்ந்து சோதனைக்கு வந்திருக்கியோன்னு பயந்துட்டேன்."

"இதத் தொவைச்சீங்களா?"

"தொவைக்கிறதா? நூத்தம்பது வருஷத்துக் கடலுப்பு இருக்கு அதுல. அழுக்க எடுத்துட்டா எங்களுக்கு என்ன மிஞ்சும்? வெறும் கம்பளி."

இந்தப் பதிலைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான். இலையுதிர்காலம் முழுக்க சனிக்கிழமைகளில் ரெய்க்யவிக்கின் வரலாற்று அருங்காட்சியகங்களை ஒவ்வொன்றாகச் சுற்றினான். தெருவுக்கடியில் தோண்டியெடுத்த பழைய வீட்டின் அடித்தளம், துறைமுகத்துப் படகுகள், குன்றின் மேல் புல்கூரை வீடுகள். வாள்களோ கலப்பைகளோ அவன் கண்ணில் படவில்லை. துணிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தான். மேலே எந்த விளக்கு, வெந்நீர்க் குழாய் எவ்வளவு தள்ளி, மூடி இறுக்கமா. பாவம், மனதை வேறு பக்கம் திருப்புகிறான் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவன் திருத்தவில்லை. அவனுக்கு ஒரே வேலைதான் இருந்தது. செத்துப்போன மனைவி சுன்னேவாவின் ஸ்வெட்டரைத் தண்ணீர் படாத இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

ஏப்ரலில் ஒரு மாலை அவள் வெந்நீர்க் குளத்தில் நீந்திவிட்டு வந்தாள். எப்போதும் போல ஈரத்தலையோடு ஸ்வெட்டரை மாட்டியிருந்தாள். அதைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, தலை வலிக்கிறது என்றாள். அவன் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் ஸ்வெட்டரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டான். அதன் பிறகு பிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் அவள் வாசனை கொஞ்சம் குறையும் என்பது அவன் கணக்கு.

அந்த ஸ்வெட்டரைப் பின்னியவள் சுன்னேவாவின் அம்மா ஹெர்டிஸ். செத்தவர்களின் கம்பளியைப் பிரித்து, நூலை அலசி, புதிதாகப் பின்னிவிடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவள் ஊசிகளோடு வந்து நின்றாள்.

"ஆறு மாசமா பையில கட்டி வெச்சிருக்க. நம்ம ஊரு சுறாக்கறியா அது, மாசக்கணக்கில புளிக்கவைக்கிறதுக்கு?"

"தொவைக்கக் கூடாது, ஹெர்டிஸ்."

"தொவைக்காம பிரிச்ச நூல எப்படி நிமித்துறது? சுருட்டிக்கிட்டு நிக்கும்."

"மியூசியத்துக்குக் குடுக்கப்போறேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். "தோள்கிட்ட மூணாவது வரியில ஒரு கண்ணி தப்பு. அன்னிக்கே பிரிக்கிறேன்னேன், உன் பொண்டாட்டி குடுக்கல. நூறு வருஷத்துக்கு ஊரே நின்னு என் தப்பப் பாக்கணுமா?" பிறகு ஊசிகளைப் பைக்குள் வைத்தாள். "சரி, கேட்டுப் பாரு. அவங்க வேணாம்னா எனக்கு. அதுக்கப்புறம் வாயத் தொறக்கக் கூடாது."

"சரி."

செவ்வாய்க்கிழமை அவளே அவனை அருங்காட்சியக வாசலில் காரில் கொண்டுவந்து விட்டாள். வானம் மழையாகவும் இல்லாமல் பனியாகவும் இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. "நான் வரல. அந்தத் தோருனோட அம்மாவும் நானும் ஒண்ணாப் பின்னுறவங்க. அந்தப் பொண்ணு என் தப்புக் கண்ணியக் கண்டுபிடிக்கிறப்ப நான் அங்க நிக்க மாட்டேன்," என்று பிளாஸ்க்கைத் திறந்தாள்.

உள்ளே தோருன் மேஜையில் வெள்ளைத் தாளை விரித்துவைத்துக் கையுறை மாட்டிக்கொண்டாள். முடிச்சு இறுகியிருந்தது. அவன் நகத்தால் கிளறிப் பிரித்து, குனிந்து முகர்ந்தான். ஒன்றுமில்லை. இன்னும் குனிந்தான். காய்ந்த கம்பளி மட்டும். தோருன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள்: "எடுத்துக்கிறேன். தெனமும் போட்ட துணிய யாரும் எங்களுக்குக் குடுக்கிறதில்ல. கல்யாணத்துக்குப் போட்டதத்தான் தூக்கிட்டு வர்றாங்க. மொதல்ல பூச்சி சாகணும், ரெண்டு வாரம் உறைபெட்டியில இருக்கும். அப்புறம் தாள் சுத்தி அட்டைப் பெட்டிக்குள்ள."

"அதுக்கப்புறம் நான் தொடலாமா?"

"முன்னாடியே சொல்லிட்டு வா. உனக்கும் கையுறை தரேன்."

தோருன் அளவு நாடாவை எடுத்து ஸ்வெட்டரின் கை நுனியில் வைத்தாள். இரண்டு நுனிகளும் இழுபட்டு, வாய் பிளந்து கிடந்தன. அவனுக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சுன்னேவாவிடம் எந்தக் கையுறையும் ஒரு குளிர்காலம் தங்கியதில்லை. ஒற்றை பஸ்ஸில் போகும், ஒற்றை கடையில். அப்புறம் ஸ்வெட்டரின் கையையே விரல்கள் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு திரிவாள்.

"கொஞ்சம் இரு," என்று சொல்லி அவன் தன் கோட்டைக் கழற்றினான்.

"அது உனக்குச் சின்னது."

"தெரியும்."

தலையை நுழைத்தான். தோளில் ஏதோ ஓர் இழை தெறித்த சத்தம் கேட்டது. ஸ்வெட்டரின் கைகள் மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டன. தோருன் நாடாவைச் சுருட்டினாள்.

"அப்ப குடுக்க மாட்டியா?"

"அந்த மீனவன் கையுறை மாதிரி ரெண்டு பக்கமும் தேயட்டும். கொண்டுவரேன்."

வெளியே கார் இல்லை. நிறுத்த இடமில்லாமல் ஹெர்டிஸ் எதிரே இருந்த ஏரியைச் சுற்றிக்கொண்டு அக்கரையில் போய் நிறுத்தியிருந்தாள். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டே அவன் நடந்தான். பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது. வாத்துகள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு கிடந்தன. ஆறு மாதம் ஒரு சொட்டு படாமல் காத்த கம்பளியில் பனிநீர் இறங்கியது. அவன் கோட்டை மாட்டவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை.

அவன் காரில் ஏறியதும் ஹெர்டிஸ் முதலில் ஸ்வெட்டரைப் பார்த்தாள். அப்புறம்தான் அவன் முகத்தை.

"வேணாம்னுட்டாங்களா?"

"வேணும்னாங்க."

"பின்ன?"

அவன் கதவைச் சாத்தினான். ஹீட்டர் காலடியில் ஊதிக்கொண்டிருந்தது. நனைந்த கம்பளியிலிருந்து மெல்ல ஆவி கிளம்பியது. முதலில் ஈர ஆட்டின் வாடை. அதற்கடியில் குளத்து வெந்நீரின் கந்தக நெடி. அதற்கும் அடியில், காயாத தலைமுடி.

ஹெர்டிஸின் கையில் பிளாஸ்க் மூடி பாதி வழியில் நின்றது. காப்பி அவள் மடியில் சிந்தியது. அவள் துடைக்கவில்லை. கண்ணாடியில் மூச்சு படர ஆரம்பித்ததும், பழக்கத்தில் அவன் விரல் ஜன்னல் பொத்தானுக்குப் போனது.

"ஜன்னலத் தொறக்காத," என்றாள்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் விரல் அவன் தோளுக்கு வந்து, பார்க்காமலே வரிகளைத் தடவி, மூன்றாவது வரியில் அந்தக் கண்ணியின் மேல் போய் நின்றது. கண்ணாடிகள் எல்லாம் உள்ளிருந்து வெளுத்துவிட்டன. ஏரி மறைந்தது, தெரு மறைந்தது. வெளியே வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.