நாற்பது மூட்டைச் சுக்கு

காய்ச்சல் ஊரைப் புரட்டிப்போட்ட இரண்டாவது வாரம், சந்தை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. யாரோ டாக்டராம். மூன்று நாள் சுக்குத் தண்ணீர் குடித்தால் காய்ச்சல் ஓடிவிடுமாம். ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் ஆபத்தாம். என் மளிகை மண்டியிலோ நாற்பது மூட்டைச் சுக்கு, எலிகூட எட்டிப் பார்க்காமல் ஆறு மாதமாகக் கிடந்தது.

"டேய், இதை நாலு பேருக்கு அனுப்பு. குடோன் காலியாயிடும்" என்றாள் கல்லாவில் இருந்த அக்கா.

நான் அனுப்பவில்லை. யோக்கியன் என்பதால் அல்ல, சோம்பல். அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே வாசலில் கூட்டம்.

"காய்ச்சலுக்கு இது கேக்குமா?"

எங்கள் தொழிலில் இதற்கென்றே ஒரு பதில் உண்டு. ஆமாம் என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம். "எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க" என்போம். பொய் இல்லை பாருங்கள்.

அன்று முதலில் கேட்டவர் எங்கள் மண்டியில் மூட்டை இறக்கும் புயல். ஆமை நடை நடப்பதால் அந்தப் பெயர். கால் கிலோ வாங்கிப் போனார்.

நான்காம் நாள் மறுபடி வந்தார்.

"அரைக் கிலோ போடுங்க முதலாளி. வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் எறங்கல, மூச்சு வாங்குது. இன்னும் கெட்டியா காய்ச்சணும் போல."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

"நீங்கதானே இதைக் குடுத்தீங்க. எல்லாரும் வாங்குறாங்கன்னீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

என் கை தராசிலேயே நின்றுவிட்டது. இருபது வருடத்தில் எத்தனையோ பேரைப் பேசியே கவிழ்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் பதிலுக்குப் பேரம் பேசத் தெரிந்தவர்கள். இந்த மனுஷன் பேரமே பேசாமல் நம்பியிருக்கிறார்.

சரக்கு வேனை எடுத்தேன். அவர் மனைவியைப் போர்வையோடு தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தோம். ஆஸ்பத்திரியில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்த நர்ஸின் முகம் மாறியது.

"இத்தனை நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"சுக்கு வித்துட்டு இருந்தேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆக்சிஜன் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள்.

திரும்பி வந்தபோது தெருமுனைவரை வரிசை.

"எங்கடா போன? பதினோரு மூட்டை போயிருக்கு!" என்றாள் அக்கா.

மிச்ச மூட்டைகளை உள்ளே தள்ளிக் குடோனைப் பூட்டினேன். குழுவில் என் குரலிலேயே பேசினேன்: "சுக்கு இந்தக் காய்ச்சலுக்குக் கேக்காது. எங்கிட்ட வாங்கிக் குடிச்ச ஒருத்தங்க இப்ப ஆக்சிஜன்ல இருக்காங்க. அந்தப் பதிவை யாரும் அனுப்பாதீங்க. மூச்சு வாங்குனா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

எதிர்க்கடை மிளகுக்காரர் பாய்ந்து வந்தார். "உனக்கு வேண்டாம்னா விடுய்யா! எங்க பொழப்புல ஏன் மண்ணைப் போடுற?"

"அண்ணே, உங்க மருமகளுக்கும் காய்ச்சல்தானே? சுக்கா குடுத்தீங்க?"

குரல் இறங்கியது. "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்."

"அப்ப அடுத்த வீட்டு மருமகளும் போகட்டும்."

அவர் கடைக்குப் போய், வாசலில் குவித்து வைத்திருந்த சுக்கை முறத்தில் அள்ளி உள்ளே கொண்டுபோனார்.

சாயங்காலம் புயல் போன் செய்தார். "கண்ணு முழிச்சுட்டா முதலாளி. நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும்னுட்டாங்க."

"அங்கயே இருய்யா. மூட்டையை நாங்க பாத்துக்கிறோம்."

போனை வைத்தேன். வரிசையில் ஒருவர் பையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சுக்கு இல்லைங்க" என்றேன். "வீட்டுல யாருக்குக் காய்ச்சல்? எத்தனை நாளா?"