அறுத்த தாளுக்கு அடுத்த பக்கம்

ஊரில் யார் எதைச் சமைத்தாலும், அது எந்தப் புத்தகத்தில் சுட்டது என்று துருவாவிட்டால் ஹில்டா பெதரிக்குக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவள், தேவாலயக் கமிட்டி மோரின் டக்வெல் அறுநூறு வருடத்துக்கு முந்தைய பலகாரங்களைத் திரட்டிச் சமையல் புத்தகம் போட்டால் சும்மா இருப்பாளா? மோரின் ஒரு பழைய அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியதைக் கண்டுபிடித்து, தபால் நிலையம் வரைக்கும் பரப்பியாகிவிட்டது. அந்த அச்சுப் புத்தகக்காரர் எதைப் பார்த்து எழுதினார் என்பதுதான் பாக்கி.

அவர் பார்த்து எழுதிய பழைய கையெழுத்துத் தோல் ஏடு இப்போது பேராலய நூலகத்தில் அவள் முன்னால் விரிந்து கிடந்தது. பாதாம்பால் களி. பக்கத்தின் கடைசி வரி, 'பாலைச் சுண்டக் காய்ச்சு.' அடுத்த பக்கத்தின் முதல் வரி, 'வேலியோரக் கிழங்கைப் பச்சையாக அரைத்துக் கல.' இரண்டுக்கும் நடுவே, தையலை ஒட்டி, கத்தியால் அறுத்த விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது. ஒரு தாளையே காணோம்.

ஹில்டா மேலே படித்தாள். 'பாதிரியாரின் அங்கி விறைப்பாக நிற்கும். அரைப்பவள் கை கொப்புளிக்கும். வாயில் படக்கூடாது.'

சமையல் இல்லை, சலவை!

அந்தக் கிழங்கு நம் காறுகிற கருணைக்குப் பங்காளி. கருணை நாக்கோடு விட்டுவிடும்; இது தொண்டையை வீங்க வைத்து மூச்சை அடைக்கும். அச்சுப் புத்தகக்காரர் இரண்டு அரைகுறைகளையும் ஒரே பலகாரமாக ஒட்டிவிட்டார். மோரின் அதை அப்படியே இறக்கிவிட்டாள். முன்னோர் தின்றதுதானே என்று ஊரும் நம்பிவிட்டது. இன்று மதியம் தேவாலயக் கூடத்தில் அந்தக் களியோடு விருந்து. கிழங்கு தோண்ட வாளி தூக்கிப் போனதே ஹில்டாவின் புருஷன் செட்ரிக்தான்.

படிக்கட்டுக்கு ஓடி வந்து போன் போட்டாள்.

"மோரின், அந்தக் களியை யாருக்கும் கொடுக்காத! அது துணிக்குப் போடுற கஞ்சி. விஷம்டி!"

"வந்துட்டியாம்மா? போன வாரம் நான் திருடி. இந்த வாரம் கொலைகாரியா?"

"சத்தியமா சொல்றேன், ஏட்டுல நடுவுல ஒரு தாள் இல்ல..."

"உனக்கு மண்டைக்குள்ள என்ன இல்லன்னு முதல்ல பாரு. எல்லாரும் உக்காந்தாச்சு, பரிமாறப் போறோம்."

ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசியறியாத ஹில்டா, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, துளியும் ஆதாரமில்லாத ஒன்றைச் சொன்னாள்.

"சுகாதார ஆபீசருக்குப் போன் பண்ணிட்டேன். கிளம்பிட்டாரு. அந்தக் களி கண்ணுல பட்டா கூடத்துக்கே சீல் வெச்சிடுவாரு."

"அடிப்பாவி!"

பாத்திரம் உருளும் சத்தம். தண்ணீர் கொட்டும் சத்தம். ஹில்டா சுவரில் சாய்ந்தாள்.

"கொட்டியாச்சு, மனசு குளிர்ந்துச்சா? பாவம், உன் வீட்டுக்காரர் மட்டும்தான் ரெண்டு கரண்டி ருசி பார்த்தாரு."

"அவர்கிட்ட போனைக் கொடு."

வாய் நிறையப் பஞ்சை அடைத்தது போல ஒரு குரல். "ஹில்... நாக்கு... ஊசியா குத்து..." போன் எங்கோ விழுந்தது. அதை எடுத்த மோரினின் குரலில் இப்போது கேலி இல்லை.

"ஹில்டா, இவருக்கு உதடு ஏன் இப்படி வீங்குது?"

"ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸைக் கூப்பிடு! மூச்சு விடுறாரா? மோரின், மூச்சு விடுறாரான்னு சொல்லு!"

"விடுறாரு," என்றாள் மோரின். "விசில் மாதிரி சத்தம் வருது."

நூலகத்தில் மாட்டிய கோட்டை எடுக்காமல், அந்தக் குளிரில், ஹில்டா தெருவில் இறங்கி ஓடினாள்.